பெல்வில் குடிநீர்

என் அன்பு மாமாவுக்கு,

முதலில் ஒரு துயரச் செய்தி. தயவுசெய்து எழுந்து நின்று கேட்கவும்.

சீனாவைப் பிறப்பிடமாகவும், பாரிஸின் பெல்வில் மருந்துக்கடையொன்றைத் தற்காலிக வசிப்பிடமாகவும், லா கூர்னெவ்வில் எங்கள் ஆறாம் மாடிக் குசினியை நிரந்தர வதிவிடமாகவும் கொண்டிருந்த மண்சட்டி அவர்கள் சென்ற ஞாயிற்றுக்கிழமை அகால மரணமடைந்தார். அன்னார் ஒரு மூடியின் பாசமிகு துணைவரும், ஒரு மரக்கரண்டியின் ஆருயிர் நண்பரும், அந்தக் கட்டடத்து மூக்குகள் அனைத்துக்கும் பரம எதிரியும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், எதிர்வீட்டு மதாம் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

அம்மாவின் கையிலிருந்துதான் விழுந்தது. எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது என்று மல்லி அவிக்க அலுமாரிக்கு மேலிருந்து இறக்கியிருக்கிறார். சத்தம் கேட்டு ஓடிப்போய், வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவரின் குரலில் மேலே உள்ளதைச் சொல்லிக் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. நிலத்தில் அப்படியே இருந்துவிட்டார். உங்கள் செத்தவீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் கண் கலங்காமல் தேத்தண்ணி கொடுத்த மனிசி, மாமா, ஒரு சட்டிக்கு அழுதார்.

உங்கள் முதலாம் ஆண்டு நினைவுக்கு மலர் அச்சடிக்கிறார்கள். ரூ பெர்தொனே தெருவில் நீங்கள் சமைத்த சாப்பாட்டுக்கடை முதலாளி அச்சுக்குப் பொறுப்பு. படத்துக்கும் தேவாரத்துக்கும் நடுவில் எனக்கு இரண்டு பக்கம் தந்திருக்கிறார்கள். "பகிடி விடாம எழுது" என்று அம்மா சொன்னார். "பகிடி இல்லாட்டி வேற ஆரோ எழுதினது எண்டு மாமா நினைப்பார்" என்றேன்.

இதை வாசிக்கப்போகிறவர்களில் பாதிப் பேருக்கு உங்கள் கையின் கதை தெரியாது. ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குத் திரும்பச் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு நல்ல செய்தி: இந்த வருடத் தேருக்கு உங்கள் தேங்காயைக் கொண்டுபோய் நான் உடைத்தேன். ஒரே எறி. ரோட்டில் நின்ற பொலிஸ்காரனே இரண்டு அடி பின்னால் போனான். விபரம் பிறகு.

அது ஒரு தை மாதக் காலை. கடைக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். கத்தி கையிலிருந்து விழுந்தது. குனிந்து இடது கையால் எடுத்து, இடது கையாலேயே வெட்டத் தொடங்கினீர்களாம். "குளிருக்கு விறைச்சுப்போச்சு" என்றீர்களாம். அதைச் சொல்லும்போதே வாய் ஒரு பக்கம் சரிந்ததை முதலாளி கண்டுவிட்டார். அவர் அம்புலன்ஸுக்குத் தொலைபேசி அடித்தபோது, அடுப்பில் இருக்கும் பருப்பை யாராவது பாருங்கள் என்று நீங்கள் சண்டை பிடித்தீர்களாம்.

சில நாள் கழித்துத்தான் என்னை உள்ளே விட்டார்கள். கட்டில் ஓரத்தில் அம்மா வாய்க்குள் ஏதோ சொல்லிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கை காலை விழுத்துகிற இந்த வருத்தத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டேன். "பாரிசவாதம்" என்றார்.

"பாரிஸுக்கு வந்தபடியா பாரிசவாதம். லண்டனுக்குப் போயிருந்தா?" என்று கேட்டுவிட்டேன். நாக்கு எனக்கு எப்போதும் மூளையை விட ஒரு ஸ்டேசன் முன்னால் இறங்கிவிடும். அம்மா முதுகில் ஒன்று போட்டார். நீங்கள் சிரித்தீர்கள். பாதி வாயால். மற்றப் பாதி அசையவில்லை. அந்தப் பாதியைப் பார்த்த பிறகு எனக்கு அடுத்த பகிடி வரவில்லை.

பேச்சு திரும்பியது. கால், இழுத்து இழுத்தென்றாலும், திரும்பியது. வலது கை மட்டும், வேறு யாரோ உங்கள் மடியில் வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன சாமான் மாதிரிக் கிடந்தது. வீட்டுக்கு வந்த அன்று அதை இடது கையால் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னீர்கள்: "தேருக்கு முன்னம் இது வரவேணும்."

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவணியில் பாரிஸின் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் பிள்ளையார் தேர் ரோட்டுக்கு வரும். தேருக்கு முன்னால் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பார்கள். பிரெஞ்சுக்காரர் கைத்தொலைபேசியை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். மாமா எங்கள் வீட்டில் ஒவ்வொருவர் பேரிலும் ஒன்று உடைப்பார். கடைசியாக இன்னொன்று எடுப்பார். சின்னனில் அது அவருடைய சொந்தத் தேங்காய் என்று நினைத்தேன். ஒருமுறை கேட்டபோது, "அது வராதவைக்கு" என்றார். சண்டை நேரம் வன்னியில் இருந்து அவரோடு நடக்கத் தொடங்கி, வந்து சேராதவர்களுக்கு. பெயர்கள் சொன்னதில்லை. அங்கிருந்து உயிரோடு வெளியில் வந்த நாளோடு மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாம் விட்டவர்; நாள் முழுக்க ஆட்டிறைச்சிக் கறி சமைத்தும், உப்புப் பார்க்க வேறு ஆளைத்தான் கூப்பிடுவார். வீட்டுத் தேங்காய்களை யாரும் உடைக்கலாம். அந்தக் கடைசித் தேங்காய் மட்டும் அவருடைய வலது கையால்தான் போகவேண்டும். அது அவருக்கும் வராதவர்களுக்கும் இடையில் உள்ள கணக்கு. நாங்கள் அதற்குள் போவதில்லை.

அதனால்தான் மாமா, நீங்கள் அந்தக் கையை அப்படித் தேடினீர்கள். எனக்கு அது அப்போதே விளங்கியது. விளங்காதது மாதிரி நடித்தேன்.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் கினேயிடம் உங்களைக் கூட்டிப்போவது என் வேலை. அங்கே பஞ்சுப் பந்தை அமத்திக்கொண்டிருந்த சீனக் கிழவரை மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு கைப்பிடிப் பிரெஞ்சு.

"நீ?" என்றார் அவர்.

"வலது. நீ?"

"இடது."

இரண்டு பேரையும் ஒட்டினால் ஒரு முழு ஆள் வரும் என்று சொன்னேன். அவர் என்னைக் கவனிக்காமல் தன் இடது கையை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டி, விரித்தார், மூடினார், விரித்தார். பிறகு காற்றில் ஒரு சட்டியை வரைந்து, அதைத் தூக்கிக் குடித்து, வேப்பங்காய் தின்றது மாதிரி முகத்தைச் சுளித்தார். "பெல்வில்" என்றார். நீங்கள் உடனே எழும்பிவிட்டீர்கள். பயிற்சி இன்னும் தொடங்கவேயில்லை.

லா சப்பலில் இருந்து பெல்வில்லுக்கு மெத்ரோ நேராகப் போகும். அந்த மருந்துக்கடை மதாம் உங்கள் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்துக் கண்ணை மூடினார். "பாத்தியே, எங்கட பரியாரியார் மாதிரி நாடி பிடிக்கிறா" என்று என் காதுக்குள் சொன்னீர்கள். அந்த நிமிடமே அவர் உங்களுக்குச் சொந்தக்காரி ஆகிவிட்டார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். "நான் நாக்கை நீட்டினா அடி விழுது. நீங்கள் நீட்டினா மருந்து தருகினம்" என்றேன்.

சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறை லாச்சிகள். ஒவ்வொன்றாக இழுத்து, தராசில் நிறுத்து, விரித்த கடதாசியில் கொட்டினார். விழுந்து எழும்பாமல் கிடப்பவர்களுக்கு அவர்கள் ஊரில் பரம்பரையாகக் கொடுக்கிற கூட்டு இது என்றார். உடம்பில் பலம் வற்றியதால் இரத்தம் நடுவழியில் நின்றுவிட்டது. மஞ்சள் நிற வேர்ச் சீவல் பின்னால் நின்று தள்ளும். சிவப்புப் பூவிதழும் பீச் பழக் கொட்டையின் பருப்பும் வாசனை வேரும் முன்னால் போய்ப் பாதை திறக்கும். மெத்ரோ பழுதானால் செய்கிற மாதிரித்தான் என்று நான் உங்களுக்கு மொழிபெயர்த்தேன். வேரைத்தான் மலையாகக் குவித்தார். கடைசி லாச்சியில் இருந்து மண்ணிறத்தில் சுருண்ட ஏதோ ஒன்றை எடுத்தார். இது என்ன என்று கேட்டேன். "மண் டிராகன்" என்றார்.

கூட்டில் உள்ள எல்லாவற்றின் பெயரையும் பிரெஞ்சில் ஒரு துண்டில் எழுதி என்னிடம் தந்தார். "ஆஸ்பத்திரி மருந்து எடுக்கிறார்தானே. இதைக் கட்டாயம் டாக்டரிடம் காட்டு" என்றார். தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குப் பிறவியிலேயே வரும்.

திரும்பி வரும்போது நீங்கள் பொட்டலத்தை மடியில் வைத்து, வலது கையைத் தூக்கி அதன் மேல் வைத்திருந்தீர்கள், இரண்டும் பழகட்டும் என்பது போல. பக்கத்தில் இருந்து தொலைபேசியில் மண் டிராகன் என்றால் என்னவென்று தேடினேன். காய்ந்த மண்புழு.

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய பகிடி அது, மாமா. மச்சம் விட்ட மனிதருக்கு மண்புழுக் கசாயம். இதை வைத்து ஒரு வருடம் ஓட்டியிருக்கலாம். வாயைத் திறந்தேன். உங்கள் கையைப் பார்த்தேன். மூடிவிட்டேன்.

பிறகு அந்தக் கடையிலேயே வாங்கிய மண்சட்டி கொதிக்கத் தொடங்கியது. நனைந்த நாயை வேரோடு அவித்தால் என்ன மணம் வருமோ அது. எதிர்வீட்டு மதாம் கதவைத் தட்டி, செத்தது எலியா என்று கேட்டார். அம்மா பொட்டலத்தை மல்லிப் போத்திலுக்கும் வேர்க்கொம்புச் சுக்குப் போத்திலுக்கும் நடுவில் வைத்தார். அதற்கு உடனே "பெல்வில் குடிநீர்" என்று பெயரும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் குடிநீர் என்றால் குழாயில் வருவது இல்லை. தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் மல்லி அவித்துக் குடிக்கும் கசாயம்தான் குடிநீர். அது மருந்து இல்லை. மருந்து என்பது ஆஸ்பத்திரியில் தருவது, பெட்டியில் வருவது, கடதாசி மடித்து உள்ளே வைத்திருப்பது. குடிநீர் குசினியில் இருந்து வருவது. சோறு மாதிரி.

அங்கேதான் எல்லாம் பிழையாய்ப் போனது.

இரத்தம் உறையாமல் இருக்க உங்களுக்கு ஒரு குளிசை தந்திருந்தார்கள். அதற்கு அடிக்கடி ஊசி குத்தி இரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும். எங்கள் குடும்ப டாக்டர் கணினியைப் பார்த்துக்கொண்டே பிரெஞ்சில் கேட்டார்: வேறு மருந்து ஏதும் எடுக்கிறாரா?

"வேற மருந்து ஏதும் எடுக்கிறியளோ எண்டு கேக்கிறார்" என்றேன்.

"இல்லை எண்டு சொல்லு" என்றீர்கள்.

"அந்தக் கடதாசி?"

"அது குடிநீரடா. மல்லி குடிக்கிறதையும் இவருக்குச் சொல்லப்போறியே?"

அம்மாவும் "ஓம், அது என்ன மருந்தே" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இல்லை என்று சொன்னேன். நாங்கள் மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, மாமா. மூன்று பேரும் உண்மையைத்தான் சொன்னோம்.

பிறகு சந்தோசமான நாட்கள் வந்தன. உங்கள் சுட்டுவிரல் அசைந்தது. பிறகு மற்ற விரல்களும். ஒரு காலை பஞ்சுப் பந்தை முழுதாகப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் வந்தீர்கள். அம்மா தோசைக்கரண்டியோடு கும்பிட்டார். அதே நாட்களில் உங்கள் முழங்கையிலும் தொடையிலும் நீலம் நீலமாகத் திட்டுகள் வந்தன. எங்கும் அடிபடவில்லை. அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருந்தது. நாங்கள் என்ன நினைத்தோம் என்று இந்த மலரை வாசிப்பவர்கள் நம்ப மாட்டார்கள். "பாருங்கோ, ரத்தம் ஓடத் தொடங்கிட்டுது" என்று அம்மா சொன்னார். நீங்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்த நீலத்தைக் காட்டினீர்கள். நான் படம் எடுத்தேன். அந்தப் படம் இன்னும் தொலைபேசியில் இருக்கிறது. நீங்கள் வெற்றிக் கிண்ணம் வாங்கியவர் மாதிரிச் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

பல் தீட்டும்போது இரத்தம் வந்தது. அதற்கும் ஒரு நியாயம் சொன்னோம். பிறகு ஒரு காலை மூக்கால் வழியத் தொடங்கியது. துவாய் நனைந்தது. இன்னொரு துவாய் நனைந்தது. நிற்கவில்லை.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர். அவரும் அதே கேள்வியைக் கேட்டார், அதே பதிலைக் கேட்டார். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் திரும்ப வந்தார். கதிரையை இழுத்துப்போட்டு உங்கள் முகத்துக்கு நேரே இருந்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "மருந்து என்று கேட்காதே. காலையில் எழும்பியதில் இருந்து படுக்கும்வரை இவருடைய வாய்க்குள் என்னென்ன போகிறது என்று கேள்."

கேட்டேன். நீங்கள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. காலமை தேத்தண்ணி, பிறகு குடிநீர், பிறகு கஞ்சி, பின்னேரம் திரும்பக் குடிநீர். என்ன குடிநீர் என்றார் டாக்டர். பெல்வில் துண்டை எடுத்து நீட்டினேன். அவ்வளவு நாளும் அது என் பணப்பையில், பஸ் பாஸுக்குப் பின்னால் இருந்தது.

அவர் துண்டோடு போய், ஆஸ்பத்திரி மருந்தாளரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. இந்தக் கூட்டு நல்லதா கூடாதா என்று தனக்குத் தெரியாது என்று டாக்டர் சொன்னார். ஆனால் இதில் உள்ள சில வேர்களும் இரத்தத்தை இளக்கக்கூடியவை. குளிசையும் அதையே செய்கிறது. இரண்டும் சேர்ந்து உங்கள் இரத்தம் உறைய மறந்துபோய்விட்டது. நாங்கள் கொண்டாடிய நீலம், தோலுக்குக் கீழே கசிந்த இரத்தம். இதே கசிவு தலைக்குள் நடந்திருந்தால் என்று தொடங்கி, அந்த வசனத்தை முடிக்காமல் விட்டார். நானும் அதைப் பாதியிலேயே மொழிபெயர்த்தேன்.

"நிப்பாட்டினா கை?" என்று கேட்டீர்கள்.

கை திரும்பியது குடிநீராலா, கினேயாலா, தானாகவா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். "கை முக்கியம். தலை அதைவிட முக்கியம்."

பிறகு மருந்தாளர் துண்டை வாசித்துக்கொண்டு போய், ஒரு சொல்லில் நின்று, இவர் சைவமா என்று என்னைக் கேட்டார். கட்டிலில் சைவச் சாப்பாடு என்று எழுதியிருந்தது. எனக்குக் காது சுட்டது.

"என்னவாம்?" என்றீர்கள்.

"ஒண்டுமில்லை. அதில ஒரு சாமான்..."

"மண்புழுதானே."

நான் உங்களைப் பார்த்தேன். அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கடையிலயே தெரியும். குளத்தில தூண்டில் போட்டு வளந்தவனுக்கு மண்புழுவைத் தெரியாதே? உனக்கு எப்ப தெரியும்?"

"மெத்ரோவில."

"பிறகேன்டா சொல்லேல்ல?"

"நீங்கள் மச்சம் விட்ட ஆள். பிறகேன் குடிச்சனீங்கள்?"

"கை வேணுமெல்லோ மருமோன்" என்றீர்கள்.

எனக்கும் அதுதான் பதில். அம்மா இடையில் புகுந்தார்: "ரெண்டு கள்ளரும் சேந்து என்ர மல்லிப் போத்திலுக்குப் பக்கத்தில புழுவை வைச்சிருக்கிறியள்." மூக்கில் பஞ்சு அடைத்திருந்ததால் உங்களுக்குச் சிரிக்க முடியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அன்றைக்கு இரண்டு தோளும் குலுங்கின. நான் கவனித்தேன்.

குடிநீர் நின்றது. மூக்கும் நின்றது. சட்டி அலுமாரிக்கு மேலே ஏறியது. நீங்கள் கினேயிடம் போய்க்கொண்டேயிருந்தீர்கள், கோடை முழுக்க, ஒரு நாள் தவறாமல். கை மெல்ல மெல்லப் பிடித்தது. தோடம்பழத்தைப் பிடித்தது. கதவுக் கைபிடியைப் பிடித்தது. ஆனால் கினே எச்சரித்தது மாதிரி, மூடப் பழகிய விரல்களுக்குத் திறக்க மறந்துபோனது. ஒவ்வொன்றாக இடது கையால் பிரித்துவிடவேண்டும்.

போன வருடத் தேர். வீட்டுத் தேங்காய்களைக் கடைக்காரப் பொடியன்கள் உடைத்தார்கள். கடைசித் தேங்காயை நான் உங்கள் வலது கையில் வைத்தேன். விரல்கள் அதைச் சுற்றிப் பூட்டின. கை உயர்ந்தது. நெஞ்சுவரை, பிறகு தோள்வரை. சுற்றி நின்றவர்கள் இடம் விட்டார்கள். நாதஸ்வரம் பக்கத்தில் வந்துவிட்டது. எறிந்தீர்கள். கை முழுதாக முன்னால் வந்தது. தேங்காய் வரவில்லை. விரல்கள் விடவில்லை.

திரும்ப எறிந்தீர்கள். திரும்பவும் விடவில்லை. அம்மா விரல்களைப் பிரிக்க வந்தார். "வேண்டாம் விடு" என்றீர்கள். பிரித்து எடுத்தால் அது எறிந்தது ஆகாது. தேர் எங்களைக் கடந்து போனது. வியர்த்திருந்தது உங்களுக்கு. "அடுத்த வருசம் பாப்பம்" என்று வராதவர்களுக்கா, எங்களுக்கா, யாருக்குச் சொன்னீர்கள்?

ரெயினில் லா கூர்னெவ் வரும்வரைக்கும் அந்தத் தேங்காய் உங்கள் கையிலேயே இருந்தது. முன்னால் இருந்த சின்னப்பிள்ளை அதையே பார்த்தது. நீங்கள் கண் சிமிட்டினீர்கள். வீட்டுக்கு வந்து, விரல்களைப் பிரித்து, அதைச் சாமித் தட்டுக்குக் கீழே வைத்தீர்கள்.

அடுத்த தேர் வர முன்னம் மாசி வந்தது. பாரிசவாதத்தின் இரண்டாவது அடி தலையின் மற்றப் பக்கத்தில். இந்த முறை ஆஸ்பத்திரியில் கேட்பதற்கு முன்னமே நான் எல்லாம் சொன்னேன்: குளிசைகள், தேத்தண்ணி, கஞ்சி, பின்னேரத்து றஸ்க் வரைக்கும். இது குடிநீரால் வந்ததல்ல, அதை விட்டதாலும் வந்ததல்ல என்று டாக்டர் சொன்னார். அம்மா என்னைத் திரும்பவும் ஒருமுறை அதை மொழிபெயர்க்கச் சொன்னார். பிறகு இன்னொரு முறை.

சவப்பெட்டிக்குள் உங்கள் வலது கை விரிந்திருந்தது, மாமா. அம்மாவும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

இங்கத்தைய புதினங்கள். கடை முதலாளி உங்கள் இடத்துக்கு ஒரு மட்டக்களப்பு அண்ணையை எடுத்திருக்கிறார். பருப்பு உங்களுடையது மாதிரி இல்லை, அவரிடம் சொல்லவேண்டாம். அந்தச் சீனக் கிழவரை ஒருநாள் கினேயின் வாசலில் கண்டேன். உங்களை எங்கே என்று கையால் கேட்டார். மேலே காட்டினேன். இடது கையை விரித்து, என் தோளில் வைத்துவிட்டுப் போனார். அவருடைய டாக்டருக்கு அந்தச் சட்டி விசயம் தெரியுமா என்று பிரெஞ்சில் கேட்டேன். விளங்கியதோ இல்லையோ, தலையாட்டினார். என்னை மாதிரியே.

இப்போது லா சப்பலில் டாக்டரிடம் போகிறவர்கள் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பாரிஸிலேயே ஆகத் திறமான மொழிபெயர்ப்பாளன் நான்தான். அடக்கத்தை உங்களிடம் படித்தேன். போகும் வழியிலேயே கேட்டுவிடுவேன்: "அங்கிள், காலமை எழும்பினதில இருந்து என்னென்ன குடிக்கிறியள்?" வெந்தயத் தண்ணி வரும், பாகற்காய்ச் சாறு வரும், ஊரில் இருந்து தபாலில் வந்த பெயர் தெரியாத தூள் வரும். "அது மருந்தில்லையடா" என்பார்கள். "ஓம், அதுதான் சொல்லவேணும்" என்பேன்.

சரி. தேர் விபரத்துக்கு வருவோம். வாக்குக் கொடுத்தேன் அல்லவா.

இந்த ஆவணியில் சாமித் தட்டுக்குக் கீழே இருந்த உங்கள் தேங்காயை எடுத்தேன். தண்ணீர் வற்றி, உள்ளே பருப்புக் கழன்று, ஆட்டினால் கடகடவென்று சத்தம் போட்டது. பையில் வைத்துக்கொண்டு போனேன். வெயில். நாதஸ்வரம். பொடியன்கள் இடம் விட்டார்கள். உங்களை மாதிரியே காலை அகட்டி வைத்தேன், கையை ஓங்கினேன், எறிந்தேன். ஒரே எறியில் தூள். ஒரு சில்லு பறந்து பிரெஞ்சுக்காரி ஒருவரின் தொப்பிக்குள் விழுந்தது. கடை முதலாளி என் முதுகில் தட்டி, "அப்பிடியே உன்ர மாமன்" என்றார். அம்மாவிடம் வந்து சொன்னேன். அம்மா சாமித் தட்டுக்குக் கீழே வெறும் இடத்தைத் துடைத்துவிட்டு, விளக்கை அங்கே நகர்த்தி வைத்தார்.

இதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது.

தூளானது ரூ பெர்தொனேயில் அவசரமாக வாங்கிய வேறு தேங்காய். தொப்பியும் பொய். பொலிஸ்காரன் பின்னால் போனது உண்மை, ஆனால் அது வேறு யாரோ எறிந்ததற்கு.

உங்கள் தேங்காயை நான் எடுத்தேன், மாமா. ஓங்கினேன். கை முன்னால் வந்தது. எனக்குப் பதினாறு வயது. எந்த நோயும் வருத்தமும் இல்லை. குளிசை இல்லை, குடிநீர் இல்லை. கினே பார்த்தால் முழுப் புள்ளி போடுவார். விரல்கள் திறக்கவில்லை. இன்னொரு முறை ஓங்கினேன். பின்னால் நின்றவர், "தம்பி, எறியிறதெண்டா எறி, இல்லாட்டித் தள்ளி நில்" என்றார். தள்ளி நின்றேன். தேர் போய்விட்டது. பிறகுதான் கடைக்கு ஓடி, மற்றத் தேங்காயை வாங்கி வந்து, தேருக்குப் பின்னால் உடைத்தேன்.

அந்தத் தேங்காய் இப்போது என் உதைபந்தாட்டப் பைக்குள், சப்பாத்துக்குக் கீழே இருக்கிறது. மணத்தில் அது பெல்வில் குடிநீரை வென்றுவிட்டது. மன்னியுங்கள். அம்மா, மலர் அச்சாகி வந்துதான் இதை வாசிப்பீர்கள்; அதற்குப் பிறகு சத்தம் போட்டுப் பிரயோசனம் இல்லை. சட்டித் துண்டுகளைப் பேப்பரில் சுற்றி உங்கள் சேலைகளுக்குக் கீழே வைத்திருப்பதை நானும் ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

மாமா, அடுத்த ஆவணிக்கு அதைக் கொண்டுபோவேன். வராதவர்கள் பேரில். இப்போது அதில் நீங்களும் இருக்கிறீர்கள். என் விரல்களை வேறு யாரும் பிரிக்க விடமாட்டேன். நானே திறப்பேன்.

இப்படிக்கு,
ஒரே எறியில் உடைத்தவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த,
உங்கள் அக்காவின் மகன், உங்கள் மருமோன்
துவாரகன்